பாஸ்வேர்டு காலையில் ஒருமுறை, குக்கி நாள் முழுக்க

கேள்வி:

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பர்ச்சேஸ் பில், ஜாப் ஒர்க் பில் எல்லாவற்றையும் பிரவுசரில் திறக்கும் ஈ.ஆர்.பி.யில்தான் ஏற்றுகிறோம். போன மாதம் எங்கள் மேனேஜர் அவசரமாக ஒரு பேமெண்ட்டை அப்ரூவ் செய்ய என் சீட்டுக்கு வந்தார். என் குரோமிலேயே புது டேப் திறந்து, என் லாகினை லாக்-அவுட் செய்துவிட்டு, தன் பெயரில் உள்ளே போய் வேலையை முடித்தார். பிறகு டேப்பை மூடிவிட்டுப் போய்விட்டார். நான் பழைய டேப்பில் பாதியில் நின்ற டையிங் பில்லை முடித்து சேவ் கொடுத்தேன். அந்தத் திரையின் மேல் ஓரத்தில் என் பெயர்தான் இருந்தது. ஆனால் பில் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆடிட்டர் கேட்டபோது "இதை நான் போடவே இல்லை" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியுமோ என்று ஆபீஸில் பேச்சு வந்துவிட்டது. எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. இது எப்படி நடந்தது?

இன்னும் சில சந்தேகங்கள். நாற்பது வரி உள்ள பில்லை ஏற்றிவிட்டு சேவ் அழுத்தினால் சில நேரம் லாகின் பக்கம் வந்து நிற்கிறது, போட்டதெல்லாம் போய்விடுகிறது. அதே கம்ப்யூட்டரில் ஆபீஸ் மெயில் வாரக்கணக்கில் பாஸ்வேர்டே கேட்பதில்லை. ஏன் இந்த வித்தியாசம்? சாயங்காலம் குரோமை மூடினால் போதாதா, லாக்-அவுட் கொடுத்தே ஆக வேண்டுமா? எதைச் சொன்னாலும் ஐ.டி. தம்பி "குக்கீஸ் கிளியர் பண்ணுங்கக்கா" என்கிறார். குக்கி என்றால் வைரஸா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது நடக்கக்கூடியதுதான். அதற்கு யாருடைய பாஸ்வேர்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பதிலை மேனேஜரிடமும் ஆடிட்டரிடமும் காட்டலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்.டி.டி.பி. என்ற முறைக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு கோரிக்கை போகிறது, பதில் வருகிறது, அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த பட்டனை அழுத்தியவரும் நீங்கள்தானா என்று சர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுலி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கைக் கொடுக்கும். பிரவுசர் அதை வைத்திருந்து, அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும். அந்தத் துணுக்குதான் குக்கி. அது தானாக எதையும் செய்யாத வெறும் எழுத்து, ஒன்று ஏறக்குறைய 4,096 பைட்டுக்கு மேல் போகாது. ஆகவே குக்கி வைரஸ் அல்ல.

காலையில் நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும் சர்வர் அதைச் சரிபார்க்கிறது. உங்கள் பெயரில் ஒரு செஷனைத் தன்னிடம் பதிந்துகொண்டு, அதன் எண்ணைக் குக்கியாக உங்கள் பிரவுசரிடம் தருகிறது. கோயில் வாசலில் செருப்பு வைத்தால் டோக்கன் தருவார்களே, அதேதான். டோக்கனில் உங்கள் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அதை யார் நீட்டுகிறாரோ அவர் கையில் செருப்பு வரும். அதன்பின் அன்று முழுக்க நீங்கள் திறக்கும் பக்கத்துக்கும் கொடுக்கும் சேவுக்கும் சர்வர் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை. குக்கியில் வரும் எண்ணைப் பார்த்து, அது யாருடைய செஷனோ அவர் பெயரில் வேலையைப் பதிகிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். ஈ.ஆர்.பி.யைக் குரோமில் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். திறக்கும் பலகையில் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போனால் ‘குக்கீஸ்’ என்பதன் கீழ் உங்கள் ஈ.ஆர்.பி.யின் முகவரி இருக்கும். அதைச் சொடுக்கினால் ஓர் அட்டவணை வரும். ஜாவாவில் எழுதிய செயலியென்றால் பெரும்பாலும் ‘ஜேசெஷன்ஐடி’ என்றும், பி.எச்.பி.யில் எழுதியதென்றால் ‘பிஎச்பிசெஸ்ஐடி’ என்றும் ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி தெரியும். அதற்கு எதிரே எழுத்தும் எண்ணும் கலந்து, படித்தால் பொருள் தராத நீண்ட கோவை ஒன்று இருக்கும். ஈ.ஆர்.பி.யைப் பொறுத்தவரை இந்த நிமிடம் அந்தக் கோவைதான் நீங்கள். அதை யாருக்கும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். முதல் நாலு எழுத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே வந்து பாருங்கள். கோவை மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் செயலியில் குறை இருக்கிறது. லாகினுக்கு முன்பே அந்த எண்ணைத் தெரிந்துவைத்திருக்கும் ஒருவர், நீங்கள் உள்ளே வந்ததும் உங்கள் பெயரில் நுழைந்துவிட முடியும்.

மேனேஜர் பெயரில் பதிவானது எப்படி?

அந்த அட்டவணை டேப்புக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஒரு குரோம் புரொஃபைலில் எத்தனை டேப், எத்தனை ஜன்னல் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே குக்கித் தொகுப்புதான். மேனேஜர் புது டேப்பில் உங்களை லாக்-அவுட் செய்துவிட்டுத் தன் பெயரில் நுழைந்தபோது, அந்த வரியில் இருந்த உங்கள் எண் போய் அவருடைய எண் வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் பழைய டேப்புக்கு இது தெரியாது. அது முன்பு எப்போதோ வந்திறங்கிய பக்கம். அந்தப் பக்கம் வந்தபோது அச்சான பெயர் அப்படியே மேலே நிற்கிறது. நீங்கள் சேவ் அழுத்தியதும் பிரவுசர் தன்னிடம் அப்போது இருந்த குக்கியை, அதாவது மேனேஜரின் எண்ணை, பில்லோடு சேர்த்து அனுப்பியது. சர்வர் அதை அவர் பெயரில் எழுதிக்கொண்டது. அவர் டேப்பை மூடினாரே தவிர, லாக்-அவுட் செய்யவில்லை.

நன்றாக எழுதப்பட்ட செயலி இதைத் தடுத்திருக்கும். ஒவ்வொரு படிவத்தோடும் அந்தச் செஷனுக்கு மட்டுமே பொருந்தும் ரகசியக் குறி ஒன்றைச் சேர்த்து அனுப்பும் வழக்கம் உண்டு. உங்கள் படிவத்தில் இருந்த குறியும் மேனேஜரின் செஷனும் பொருந்தாமல் போயிருக்கும். "லாகின் மாறிவிட்டது, பக்கத்தைப் புதுப்பிக்கவும்" என்று சொல்லி சேவ் நின்றிருக்கும். உங்கள் ஈ.ஆர்.பி. அப்படி நிறுத்தவில்லை. இது செயலியைச் செய்தவர்கள் சரிசெய்ய வேண்டிய குறை.

உங்கள் பக்கத்து நியாயத்தைக் காட்டச் சான்றும் இருக்கிறது. சர்வரின் பதிவேட்டில் எந்த நேரத்தில் யார் லாகின் செய்தார், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து செய்தார் என்ற விவரம் பொதுவாக இருக்கும். அன்றைய பதிவை எடுத்துத் தரும்படி ஈ.ஆர்.பி. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒரே முகவரியில் நீங்கள் வெளியேறியதும், அவர் நுழைந்ததும், பிறகு அந்த பில் சேவ் ஆனதும் வரிசையாக வரும். இடையில் உங்கள் பெயரில் லாகின் இல்லை என்பதும் தெரியும். இதை இன்றே கேளுங்கள். பதிவுகளைச் சில வாரங்களிலேயே அழித்துவிடும் சர்வர்கள் நிறைய உண்டு.

ஆடிட்டர் இதைத் துருவிக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற ‘ஆடிட் ட்ரெயில்’ கட்டாயம். அதில் விழும் பெயர் செஷனிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. செஷன் தவறினால் அந்தப் பதிவும் தவறும். ஆகவே அந்தப் பதிவை யாரும் அழிக்கவோ திருத்தவோ முயல வேண்டாம். நடந்ததை விளக்கி நீங்கள், மேனேஜர் இருவருமாக ஒரு கடிதம் எழுதி அந்த பில்லோடு வைத்துவிடுங்கள். அதுதான் இருவருக்குமே பாதுகாப்பு.

இனி அப்ரூவலுக்கு அவர் உங்கள் சீட்டுக்கு வந்தால், அதே ஜன்னலில் லாகின் செய்ய வேண்டாம். குரோமில் ‘கெஸ்ட்’ ஜன்னலோ ‘இன்காக்னிடோ’ ஜன்னலோ திறந்து கொடுங்கள். அவற்றின் குக்கித் தொகுப்பு தனி, உங்களுடையதைத் தொடாது. வேலை முடிந்ததும் அவர் லாக்-அவுட் செய்ய வேண்டும், பிறகு அந்த ஜன்னலை மூட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு இன்காக்னிடோ ஜன்னல்கள் திறந்தால் அவை இரண்டுக்கும் தொகுப்பு ஒன்றுதான். ஒரே கம்ப்யூட்டரை இரண்டு ஷிப்டில் இருவர் பயன்படுத்துகிறீர்கள் என்றால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதுதான் சரி.

சேவ் அழுத்தினால் லாகின் பக்கம் வருவது ஏன்?

செஷனுக்கு இரண்டு கெடு உண்டு. எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் முடியும் என்பது ஒன்று. என்னதான் வேலை செய்துகொண்டிருந்தாலும் எத்தனை மணி நேரத்தில் முடியும் என்பது மற்றொன்று. உங்களைப் படுத்துவது முதல் கெடு. நீங்கள் சும்மா இருக்கவில்லை, நாற்பது வரி தட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆனால் தட்டுவது உங்கள் கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. சேவ் அழுத்தும்வரை சர்வருக்கு ஒரு கோரிக்கைகூடப் போவதில்லை. அதன் கணக்கில் நீங்கள் எழுந்து போய்விட்ட ஆள்.

இந்தக் கெடு பல இடங்களில் யாரும் யோசித்து வைத்ததல்ல. ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் சர்வரில் ஒன்றும் மாற்றாவிட்டால் 30 நிமிடம். மைக்ரோசாஃப்டின் ஏ.எஸ்.பி. டாட்நெட்டில் 20 நிமிடம். பி.எச்.பி.யில் 1,440 நொடி, அதாவது 24 நிமிடம். உங்கள் பில் ஏறிக்கொண்டிருக்கும்போது முடிவது இவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். கணக்கு, சம்பளம் போன்ற வேலைகளுக்குக் குறுகிய கெடு தேவைதான். அமெரிக்காவின் தர நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியில், நடுத்தரப் பாதுகாப்புக்கு 30 நிமிடம் சும்மா இருந்தாலோ, மொத்தம் 12 மணி நேரம் ஆனாலோ மறுபடி லாகின் கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆக, கெடு வைப்பதில் தவறில்லை. எச்சரிக்காமல் வேலையைக் கொட்டிவிடுவதுதான் தவறு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் 2008ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டியே, கெடு முடிவதற்கு முன் சொல்லி, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி தர வேண்டும் என்கிறது. மறுபடி லாகின் செய்ததும் விட்ட வேலையை இழக்காமல் தொடர முடிய வேண்டும் என்பதை அதே ஆவணம் உயர்நிலை எதிர்பார்ப்பாக வைக்கிறது.

செயலி மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியது இது. பெரிய பில் ஏற்றும்போது ஈ.ஆர்.பி.யை இன்னொரு டேப்பிலும் திறந்து வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த டேப்பை மட்டும் புதுப்பியுங்கள். அந்தக் கோரிக்கையும் உங்கள் செஷனில்தான் சேரும், கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். சாப்பிடப் போய்விட்டுத் தாமதமாக வந்தீர்கள் என்றால் சேவ் பட்டனை உடனே அழுத்தாதீர்கள். முதலில் இரண்டாவது டேப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். லாகின் கேட்டால் அங்கேயே உங்கள் பெயரில் உள்ளே போங்கள். பிறகு பழைய டேப்புக்கு வந்து, அதைப் புதுப்பிக்காமல் சேவ் கொடுங்கள். புதுக் குக்கி எல்லா டேப்புக்கும் பொது என்பதால் பல செயலிகளில் பில் ஏறிவிடும். மேனேஜர் பெயரில் பில் விழக் காரணமான அதே இயல்புதான் இங்கே உங்களுக்கு உதவுகிறது. நான் முன்பு சொன்ன ரகசியக் குறியைச் சரிபார்க்கும் செயலியாக இருந்தால் மறுக்கும். அதனால் போட்ட வரிகளைத் திரையில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழுத்துங்கள்.

மெயில் மட்டும் ஏன் கேட்பதில்லை? குரோமை மூடினால் போதாதா?

குக்கியைத் தரும்போதே அது எவ்வளவு நாள் இருக்கலாம் என்று சர்வர் சொல்ல முடியும். மெயில் நிறுவனங்கள் நீண்ட நாள் தருகின்றன. குரோம் 2022 முதல் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஈ.ஆர்.பி. தருவதில் பெரும்பாலும் நாள் குறித்திருக்காது. அப்படிப்பட்ட குக்கி பிரவுசரை மூடியதும் போக வேண்டும். ஆனால் குரோம் அமைப்பில் ‘விட்ட இடத்திலிருந்து தொடர்’ என்ற தேர்வு போட்டிருந்தால், மூடித் திறக்கும்போது டேப்களோடு அந்தக் குக்கிகளும் திரும்பி வருகின்றன. எனவே ஜன்னலை மூடுவதை வெளியேறுவதாக நம்பக் கூடாது.

லாக்-அவுட் செய்வது வேறு வேலை. பிரவுசரில் இருக்கும் எண்ணை நீக்குவதோடு, சர்வரில் உங்கள் பெயரில் பதிந்திருந்த செஷனையே அது அழிக்கிறது. அதன்பின் அந்த எண்ணை ஒருவர் நகலெடுத்து வைத்திருந்தாலும் பயனில்லை. ஒரே லாகினில் மெயில், ஈ.ஆர்.பி., விடுப்பு விண்ணப்பம் எல்லாம் திறக்கும் ஏற்பாடு உள்ள ஆபீஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஈ.ஆர்.பி.யில் லாக்-அவுட் கொடுத்தாலும் பொது லாகின் உயிரோடு இருக்கும். அடுத்து உட்காருபவர் ‘லாகின்’ அழுத்தினால் பாஸ்வேர்டு கேட்காமலேயே உங்கள் பெயரில் திறந்துவிடும். அங்கே பொது லாகினிலிருந்தும் வெளியேற வேண்டும்.

‘குக்கீஸ் கிளியர்’ சர்வ நிவாரணி அல்ல. எல்லாத் தளங்களின் லாகினும் போய்விடும், சர்வரில் உள்ள செஷன் மட்டும் கெடு முடியும்வரை அப்படியே இருக்கும். சிக்கல் ஈ.ஆர்.பி.யில்தான் என்றால் நான் சொன்ன அந்த அட்டவணையில் அதன் குக்கியை மட்டும் நீக்கினால் போதும்.

இவ்வளவு கவனம் எதற்கு?

குக்கியைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். இரண்டையும் நீங்களே போட்டு முடித்த பிறகு கிடைத்தது அது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற மென்பொருளாளர் ‘ஃபயர்ஷீப்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் இணைப்பை வெளியிட்டார். பொது வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் குக்கியைப் பிடித்து, ஒரே சொடுக்கில் அவராகவே உள்ளே போய்க் காட்டியது அது. லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு மற்றதைத் திறந்துவிட்ட பெரிய தளங்களெல்லாம், முழுக்க எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கு மாற அந்தச் சம்பவம் ஒரு உந்துதல். 2022 டிசம்பரில் சர்க்கிள்சிஐ என்ற மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பில் நுழைந்த தீநிரல், இரண்டடுக்குச் சரிபார்ப்பு முடிந்த செஷன் குக்கியைத் திருடியது. அதை வைத்து அந்த நிறுவனத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 2023 அக்டோபரில் வெளிவந்தது. லாகின் சேவையையே தொழிலாகச் செய்யும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில், பழுது பார்க்க வாடிக்கையாளர்கள் அனுப்பியிருந்த ‘ஹார்’ ஃபைல்களைத் திருடர்கள் எடுத்துவிட்டார்கள். பிரவுசரும் சர்வரும் பேசியதையெல்லாம் பதிந்து வைக்கும் ஃபைல் அது. சிலவற்றில் அப்போது உயிரோடிருந்த செஷன் எண்களும் இருந்தன. உங்கள் ஐ.டி. தம்பியோ ஈ.ஆர்.பி. சப்போர்ட்டோ இந்த ஃபைலைக் கேட்டால், எடுத்து முடித்ததும் லாக்-அவுட் செய்துவிட்டு அதன்பின் அனுப்புங்கள். உள்ளே இருக்கும் எண் செத்துவிடும்.

நிர்வாகத்திடம் என்ன கேட்க வேண்டும்?

ஈ.ஆர்.பி. நிறுவனத்துடன் ஏ.எம்.சி. புதுப்பிக்கும் நேரத்தில் இவற்றை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்:

1. செஷன் குக்கி ‘செக்யூர்’, ‘எச்டிடிபிஒன்லி’, ‘சேம்சைட்’ என்ற மூன்று குறிப்புகளோடு வர வேண்டும். முதலாவது இருந்தால் குக்கி மறையாக்கம் இல்லாத வழியில் போகாது. இரண்டாவது இருந்தால் பக்கத்தில் நுழைந்த கள்ள ஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது. மூன்றாவது, வேறொரு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கையோடு உங்கள் குக்கி ஒட்டிக்கொண்டு போவதைக் கட்டுப்படுத்தும். மூன்றும் இருக்கின்றனவா என்று எஃப்12 அட்டவணையிலேயே பார்த்துவிடலாம்.

2. லாகின் ஆனதும் செஷன் எண் மாற வேண்டும். லாக்-அவுட் செய்ததும் சர்வரில் அது அழிய வேண்டும்.

3. படிவம் ஒருவர் பெயரிலும் செஷன் இன்னொருவர் பெயரிலும் இருந்தால் சேவ் நிற்க வேண்டும்.

4. கெடு முடிவதற்கு முன் எச்சரிக்கை வர வேண்டும். பாதி ஏற்றிய பில் வரைவாகத் தானே சேமிக்கப்பட வேண்டும்.

5. என் பெயரில் எங்கெங்கே லாகின் திறந்திருக்கிறது என்று பார்க்கவும், எல்லாவற்றையும் ஒரேயடியாக மூடவும் வசதி வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால் பழைய செஷன்கள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல, தொழில் தெரிந்தவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருபவைதான். பில் போடுபவரின் பெயர் சரியாகப் பதிவாவது ஒரு கணக்கு மென்பொருள் தர வேண்டிய குறைந்தபட்ச உத்தரவாதம். அதைத் தராத செயலிக்காக ஓர் ஊழியரின் நேர்மையைச் சந்தேகிப்பது அநியாயம். சர்வர் பதிவை வாங்கி ஆடிட்டரிடம் கொடுங்கள். மூன்றாவது கோரிக்கை நிறைவேறும்வரை, உங்கள் ஜன்னலில் வேறு யாரும் லாகின் செய்யக் கூடாது என்று மேனேஜரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.